மலைச்சரிவும் மிதிகட்டையும்

துவிச்சக்கரவண்டியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் சக்கரத்தையே முதலிற் சிறப்பித்துக் கூறுவர். மனித நாகரிகத்தின் மூத்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று என்னும் பெருமை சக்கரத்துக்கு உண்டு. ஆயினும் மனிதனும் பொறியும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் மிதிகட்டையே ஆகும். இருக்கை, கைபிடி, மிதிகட்டை என்னும் மூன்று இடங்களிலே ஓட்டுபவரின் உடல் வண்டியைத் தொடுகின்றது. சமதரையிலே இருக்கை பாரத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கின்றது. கரடுமுரடான சரிவிலே இறங்கும்போதோ, ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்துவிடுகின்றார்; கை வழிகாட்ட, கால் உடலைத் தாங்குகின்றது. உள்ளங்கையளவே விரிந்த இரண்டு தட்டுகளின் மேல் ஒரு மனிதனின் முழுப்பாரமும் நிற்கின்றது. ஆதலின், மலையிற் செல்லும் வண்டிக்கு எத்தகைய மிதிகட்டை பொருந்தும், அதனை எவ்வாறு பேணுதல் வேண்டும் என்னும் வினா சிறியதாகத் தோன்றினும் உயிரோடு தொடர்புடையதாகும்.

மிதிகட்டையின் வரலாறு நீண்டதன்று. 1860களிலே பாரிசு நகரில், முன்சக்கரத்தின் அச்சோடு மிதிகள் பொருத்தப்பட்ட வண்டிகள் தோன்றின. பியேர் லாலெமென் என்னும் பிரெஞ்சுக்காரர் 1866ஆம் ஆண்டு அமெரிக்காவிலே அத்தகைய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் யோன் கெம்ப் ஸ்ராலி உருவாக்கிய ‘றோவர்’ வண்டியிலே மிதிகள் நடுவிடத்துக்கு வந்து, சங்கிலியின் வழியாகப் பின்சக்கரத்தை இயக்கின. இன்றைய வண்டியின் அடிப்படை அமைப்பு அதுவே. அதன் பின்னர் நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதி, ஓட்டுபவரின் காலை மிதியோடு பிணைக்கும் முயற்சியாகவே அமைந்தது. முதலிலே உலோகக் கூடும் தோல்வாரும் பயன்பட்டன. 1984இல் பிரான்சின் ‘லூக்’ நிறுவனம், பனிச்சறுக்குச் சப்பாத்தின் பூட்டைப் பின்பற்றி, சப்பாத்தின் அடியை மிதியோடு பூட்டும் முறையினை அறிமுகஞ் செய்தது. அடுத்த ஆண்டே பெர்னாட் இனோ அத்தகைய மிதியோடு பிரான்சுச் சுற்றோட்டத்தில் வெற்றியீட்டினார். 1990இல் யப்பானின் ‘சிமானோ’ நிறுவனம் சேற்றுக்கும் நடைக்கும் ஏற்றதான சிறிய பூட்டொன்றை மலைவண்டிக்கென வெளியிட்டது. பூட்டு மிதியிலே கால் மேலெழும்போதும் விசையளிக்க முடியும். குலுக்கலிலும் கால் விலகாது. இவை அதன் நன்மைகளாகும்.

எனினும் பூட்டற்ற தட்டை மிதி வழக்கொழிந்து போகவில்லை. மலைவண்டி ஓட்டம் பிறந்ததே அத்தகைய மிதியின்மேற்றான். 1976ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கலிபோர்னியாவின் மரீன் பகுதியில் இளைஞர் சிலர் பழைய கனத்த வண்டிகளில் ஏறி மலைச்சரிவொன்றிலே பந்தயம் விடத் தொடங்கினர். இறங்கி முடிவதற்குள் பின்சக்கரத் தடையின் கிறீஸ் வெப்பத்தாற் புகைந்தழிய, மீண்டும் மீண்டும் கிறீஸ் நிரப்ப வேண்டியிருந்தமையால், அவ்வோட்டத்துக்கே ‘மீள்நிரப்பல்’ எனப் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. வேலைக்குரிய சப்பாத்துகளோடு, பல்வைத்த சாதாரண மிதிகளிலே அவர்கள் நின்றனர். பிற்காலத்திலும், பூட்டு மிதியே வெல்லும் என்ற கருத்து வலுத்திருந்தபோது, அவுஸ்திரேலியரான சாம் ஹில் தட்டை மிதியோடு 2006, 2007, 2010 ஆகிய ஆண்டுகளிலே மலையிறக்க ஓட்டத்தின் உலகப் பட்டத்தைப் பெற்றார். எனவே தட்டை மிதி வசதியற்றோரின் பதிலீடு மாத்திரமே என்னும் எண்ணம் ஆதாரமற்றது எனலாம்.

இலங்கைத் தமிழரிடையே துவிச்சக்கரவண்டி என்றதும் நினைவுக்கு வருவது யாழ்ப்பாணக் குடாநாடே. அத்தட்டை நிலத்திலே ஆசிரியரும் மாணவரும் மீன் வியாபாரியும் அவ்வண்டியிலேயே சென்று வந்தனர். 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் நோயாளியும் விறகும் அதன்மீதே சென்றன. மலையகத்தின் கதை வேறாகும். இங்கு தொன்றுதொட்ட வாகனம் பாதமே. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தனர். அந்நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபவனி ஒன்றும் இடம்பெற்றது. வந்து சேர்ந்தபின்னரும் நடை ஓயவில்லை. பெரட்டுக்களத்துக்கும் கொழுந்து மலைக்கும் ஸ்டோருக்கும் பாடசாலைக்கும் செல்வதற்குக் குறுக்குப் பாதைகளும் கற்படிகளும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை சக்கரத்துக்கு ஏற்றவையல்ல.

ஊவாவின் நிலவமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதுளை மாவட்டத்தின் தென்புறத்திலே அப்புத்தளை மலைத்தொடர் ஒரு மதிலைப் போல நிற்கின்றது. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அப்புத்தளை நகரிலிருந்து தெற்கே நோக்கினால், நிலம் பெரகலை, கொஸ்லந்தை என இறங்கி, ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்திலுள்ள வெல்லவாயச் சமவெளியிலே சென்று முடிகின்றது. ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி இவ்விறக்கத்தின் கடுமையைக் கண்ணாற் காட்டுவதாகும். மீரியபெத்த இச்சரிவிலே, கொஸ்லந்தைக்கு அருகே அமைந்ததொரு தோட்டப்பிரிவு. யூலை, ஓகஸ்ட் மாதங்களிலே வறண்ட கச்சான் காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு அதன் தனிமணத்தை ஊட்டுகின்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே இடியோடு கூடிய மழை பெய்து தோட்டத்துச் செம்மண்ணைக் குழம்பாக்குகின்றது. ஒரே பாதை ஆண்டின் ஒரு பாதியிலே புழுதியும் மறுபாதியிலே வழுக்கலுமாக மாறும் இந்நிலத்தில்தான், அண்மைக் காலமாக மலைவண்டிகள் தென்படத் தொடங்கியுள்ளன. எல்ல, அப்புத்தளைப் பகுதிகளுக்கு வரும் வெளிநாட்டார் தம்பேதென்ன வீதியிலும் லிப்டன் ஆசனத்தின் சுற்றுப்புறங்களிலும் இவ்வண்டிகளிலே இறங்குவதைக் காணலாம். அவர்கள் விளையாட்டுக்காக ஓட்டுகின்றனர். தோட்டத்து இளைஞர் சிலர், யப்பானிலிருந்து வந்திறங்கும் பழைய வண்டிகளை வாங்கி, வேலைக்காக ஓட்டுகின்றனர்.

அத்தகைய இளைஞன் ஒருவனின் நிலைமை இங்கு கருதத்தக்கது. அவன் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன். தாய் கொழுந்து பறிப்பவர். அவனுக்கு வேலை கீழே கடைவீதியில். அதிகாலையிலே பேருந்து தோட்டத்துக்கு வராது. முச்சக்கரவண்டிக்குக் கொடுத்தால் நாட்கூலியில் மிஞ்சுவது குறையும். வாங்கிய வண்டியின் மிதிகள் நகர வீதிக்கென ஆக்கப்பட்டவை. வழவழப்பான நெகிழியுடலும் தேய்ந்த றப்பர்க் கட்டைகளும் உடையவை. முதல் மழையிலேயே செருப்புக் கால் வழுக்கி, மிதி சுழன்று கணைக்காலிலே மோதிற்று. புதிய மிதி வாங்கவேண்டும் என்று பண்டாரவளையிலே துவிச்சக்கரவண்டி திருத்தும் முதியவர் ஒருவரிடம் சென்றான். தொழிலறிந்தவரை ‘பாஸ்’ என்றழைப்பது இந்நாட்டு வழக்கு.

“பாஸ், காலைப் பூட்டுற பெடல் இருக்காமே. அதப் போட்டா வழுக்காதுன்னு சொல்றாங்க.”

“வழுக்காது தம்பி. ஆனா ரோட்டு வழுக்குனா என்ன செய்வ? ஒரு பக்கம் கான், ஒரு பக்கம் பள்ளம். மொதல்ல கால எடுக்கத் தெரியணும். பெறகு பாத்துக்கலாம் மத்ததெல்லாம்.”

முதியவரின் கூற்றிலே ஓர் இயந்திரவியல் உண்மை அடங்கியுள்ளது. பூட்டு மிதியிலிருந்து விடுபடுவதற்குக் குதிக்காலை வெளிப்புறமாகத் திருப்பல் வேண்டும். பழகியவருக்கு அது கணநேரச் செயலே; எனினும் கால் செல்லும் திசையும் விடுபடும் திசையும் வேறானவை. தட்டை மிதியிலே கால் எத்திசையிலும் உடனே விலகும். வண்டி சரிகின்றபோது நிலத்தை நோக்கிக் கால் தானாகவே செல்லும். வழுக்கும் தோட்டப்பாதைக்கும், அடிக்கடி இறங்கி வண்டியைத் தோளிற் சுமந்து படியேற வேண்டியவருக்கும் அதுவே தக்கது.

தட்டை மிதியைத் தெரிவுசெய்யும்போது முதலிற் கவனிக்கவேண்டியது தட்டின் பரப்பாகும். நீளமும் அகலமும் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் உள்ள தட்டு, பெரும்பாலோரின் பாதத்துக்குப் போதிய ஆதாரமளிக்கும். மிகச் சிறியதாயின் பாதம் அதன் விளிம்பிலே வளைந்து களைப்படையும். மிகப் பெரியதாயின், குறுகிய பாதையிலே தேயிலைச் செடியின் தடித்த அடிமரத்திலும் கானின் கற்சுவரிலும் மோதும். தட்டின் கனமும் நோக்கற்பாலது. தட்டு மெலிந்திருப்பின் பாதம் அச்சுக்கு அண்மையில் நிற்கும். மிதி தலைகீழாகச் சுழன்றுவிடும் இயல்பு குறையும். நிலத்திலுள்ள கல்லிலே இடிபடுவதும் அருகும். தட்டின் நடுவிடம் சற்றே குழிந்திருத்தல் நன்று. அக்குழிவிலே பாதம் அமர்ந்து, முன்னும் பின்னும் நகராது நிற்கும்.

அடுத்தது முளைகளாகும். நல்ல தட்டை மிதியின் இருபுறத்திலும் சிறிய உருக்கு முளைகள் திருகப்பட்டிருக்கும். அவை சப்பாத்தின் அடியிலே பதிந்து பிடிக்கும் பிடியே பூட்டுக்குப் பதிலாக அமைவது. மேற்புறத்திலிருந்து திருகப்படும் முளைகளின் தலை கல்லிற்பட்டு நசுங்கிவிடின், பின்னர் கழற்றுதல் அரிதாகும். கீழ்ப்புறத்திலிருந்து திருகப்படுபவை நசுங்கினும் பின்வழியாகக் கழன்றுவரும். ஆதலின் அவையே விரும்பத்தக்கவை. முளைகள் கூர்மையும் உயரமும் கூடியனவாயிருப்பின் பிடி மிகும். கால் தவறும்போது கணைக்காலிலே ஏற்படும் காயமும் மிகும். புதிதாகப் பழகுபவர் முளைகள் சிலவற்றை உயரங் குறைத்து வைத்தல் தகும்.

முளைகளின் பயன் காலணியைப் பொறுத்தது என்பது மறக்கப்படலாகாது. தோட்டத்திலே பெரும்பாலோர் அணிவது றப்பர்ச் செருப்பு. உருக்கு முளை அதனைச் சில வாரங்களிலே கிழித்துவிடும். மழையிலே செருப்பினுள்ளேயே பாதம் வழுக்கும். அச்செருப்போடு முளைமிதியில் நிற்பது ஆபத்தானது. பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து அடி தட்டையாக இருப்பதனால் இதற்கு ஓரளவு பொருந்தும். எனினும் அடி மெல்லியதாகையால் முளைகள் உள்ளங்காலை உறுத்தும். தட்டையானதும் சற்றுத் தடித்ததும் மென்மையான றப்பரால் ஆனதுமான அடியே சிறந்தது. ஆழமான பள்ளங்கள் வெட்டிய மலையேற்றச் சப்பாத்திலே முளைகள் பள்ளத்துள் அகப்பட்டுப் பிடி சீராக அமையாது. எனவே மிதியை வாங்கும் பணத்தைக் கணக்கிடுபவர் சப்பாத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். அவ்விளைஞனுக்கு இக்கணக்கே பெரும் இடராக அமைந்தது. விலைகூடிய அலுமினிய மிதியை வாங்கினால் செருப்போடுதான் ஓட்டவேண்டும். விலைகுறைந்த நைலோன் மிதியை வாங்கினால் சப்பாத்துக்கும் பணம் மிஞ்சும். பாஸ் இரண்டாவதையே பரிந்துரைத்தார். நைலோன் உடல் கல்லிற்பட்டால் சறுக்கிச் செல்லும், பாரமும் குறைவு, உருக்கு முளைகள் உள்ளனவாயின் பிடியிலும் பெரிதும் குறைவதில்லை. அலுமினியம் நெடுநாள் உழைக்கும் என்பது உண்மையே. ஆயினும் பாதத்துக்குப் பாதுகாப்பில்லாத நிலையிலே மிதியின் நீடிப்பினாற் பயன் சிறிது.

மிதியின் உள்ளே அச்சும் அதனைச் சூழ்ந்த தாங்கிகளும் உள்ளன. பழைய முறையிலே சிறிய உருக்குக் குண்டுகள் கிறீசினுள் உருளும். புதிய மிதிகளிலே மூடிய தாங்கிகளோ, வழுவழுப்பான உறைகளோ இருத்தல் கூடும். மூடிய தாங்கி நீரையும் சேற்றையும் நெடுநாள் தடுக்கும். கெட்டால் முழுவதையும் மாற்றவேண்டும். தனிக்குண்டுத் தாங்கி விரைவில் அழுக்குறும். ஆனால் மண்ணெண்ணெயும் துணித்துண்டும் கிறீசும் உள்ளவர் எவரும் தம் வீட்டு வாசலிலேயே அதனைத் திருத்தலாம். உதிரிப்பாகம் கிடைக்கும் நகரம் பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள ஓர் இடத்திலே, பிரித்துப் பூட்டக்கூடியது என்னும் இயல்பும் ஒரு தரமாகவே கொள்ளப்படும்.

மிதியைக் கழற்றுவதிலே பலர் இடர்ப்படுவதற்குக் காரணம் அதன் புரியின் திசையாகும். வலதுமிதியிலே வழமையான வலப்புரியும் இடதுமிதியிலே இடப்புரியும் வெட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவின் ரைற் சகோதரர், ஆகாய விமானத்துக்கு முன்னர் துவிச்சக்கரவண்டி வியாபாரத்தில் ஈடுபட்டிருந்த காலத்தில், கழன்றுவிடாத இத்தகைய மிதியை 1900ஆம் ஆண்டு விளம்பரப்படுத்தினர். தாங்கியின் உராய்வை மட்டும் கருதினால், மிதிக்கும்போது அச்சு கழலவேண்டும் என்றே தோன்றும். உண்மையிலே பாதத்தின் பாரம் புரித்துளையின் சுவரைச் சுற்றிச் சுற்றி அழுத்துகின்றது. அவ்வழுத்தத்தினால் அச்சு, சுழலும் திசைக்கு எதிர்த்திசையிலே மிக நுண்ணிய அளவில் உருண்டு, மேலும் இறுகுகின்றது. கைவிரல்களை வளையமாக்கி, அதனுள்ளே ஒரு பென்சிலைத் தளர்வாக நிறுத்தி, அதன் நுனியை வட்டமாகச் சுழற்றினால், பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையிலே சுற்றுவதைக் காணலாம். கழற்றுபவருக்கு ஒரு விதி போதுமானது: சாவியை மேனோக்கி நிறுத்தி, அதன் மேல்முனையை வண்டியின் பின்புறமாகத் தள்ளினால் இருபுறத்து மிதியும் கழலும், முன்புறமாகத் தள்ளினால் இறுகும். பொருத்துமுன் புரியிலே கிறீஸ் பூசுதல் இன்றியமையாதது. உருக்கு அச்சும் அலுமினியத் தண்டும் ஈரத்திலே நெடுநாள் ஒட்டிக்கிடப்பின் அரிப்பினாலே ஒன்றாகிவிடும். ஊவாவின் ஈரப்பதத்திலே இவ்வாறு ஒன்றிப்போன மிதியைக் கழற்ற முயன்று தண்டையே இழந்தோர் உளர்.

பராமரிப்புக்குப் பெரிய ஆயுதங்கள் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை மிதியைக் கையினாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். கரகரப்புக் கேட்டால் உள்ளே மணல் புகுந்துள்ளது. தடையேயின்றி நெடுநேரம் சுழன்றால் கிறீஸ் வற்றியுள்ளது எனக் கொள்ளலாம். பின்னர் தட்டைப் பிடித்துப் பக்கவாட்டிலே அசைத்தல் வேண்டும். தளர்ச்சி தென்படின் தாங்கி தேய்ந்துள்ளது, அன்றேல் உள்மரை நெகிழ்ந்துள்ளது. குண்டுத் தாங்கியாயின், வெளிமூடியைக் கழற்றி, மரையை நீக்கி, குண்டுகளை எண்ணி ஒரு தட்டிலே இட்டு, மண்ணெண்ணெயாற் கழுவி, உலர்த்தி, புதிய கிறீஸ் நிரப்பி, மீண்டும் அதே எண்ணிக்கையிலே அடுக்கல் வேண்டும். மரையை இறுக்கும்போது, அசைவும் இராமல் இறுக்கமும் இராமல் நடுநிலை காண்பதே கைத்திறன். சேற்றைக் கழுவும்போது குழாய்நீரை அச்சின் மூட்டிலே விசையோடு பாய்ச்சலாகாது. நீர் கிறீசைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகும். வீடுகளிலே கிறீசுக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் இடும் வழக்கமும் உண்டு. ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலே அவ்வெண்ணெய் உறையத் தொடங்கும். அப்புத்தளையின் அதிகாலைக் குளிரிலே அது மெழுகாய்க் கட்டிப்படும். வெயில் ஏறியதும் உருகி வழிந்து புழுதியைச் சேர்க்கும். வளைந்த முளைகளையும் விழுந்த முளைகளையும் காலந்தாழ்த்தாது மாற்றுதல் வேண்டும். ஒரு மூலையிலே முளை இல்லையெனில் கால் வழுக்குவது அம்மூலையிலேயே நிகழும்.

இவ்வளவும் சொன்னபின்னர், மீரியபெத்தவைக் கடந்து செல்லும் ஒருவருக்கு வேறொன்றும் நினைவுக்கு வராமற் போகாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிலே, தொடர்மழையின் பின், அங்கு மலைச்சரிவு பெயர்ந்து லயன் வரிசைகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. காலையிலேயே பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகளிற் சிலர் திரும்பிவந்து காண்பதற்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்நிலம் ஆபத்தானது என்பது அறியப்படாததொன்றன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே இருந்தனர்.

ஏன் இருந்தனர் என்னும் கேள்வி அக்காலத்திலே பலராலும் எழுப்பப்பட்டது. எச்சரிக்கை கேட்டும் எழுந்து செல்லாதவர் என அவர்கள்மீது பழி சுமத்தியோரும் உளர். தட்டை மிதியின் நியாயத்தை அறிந்தவருக்கு அதன் விடை கடினமானதன்று. காலை எடுக்க முடிவது மாத்திரம் ஒருவரைக் காப்பதில்லை. எடுத்த காலை வைப்பதற்கு உறுதியான நிலம் அருகே இருத்தல் வேண்டும். லயன் அறை தோட்டத்துக்குரியது. அதைச் சுற்றியுள்ள நிலமும் தோட்டத்துக்குரியது. வேலையும் வீடும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையிலே ஒரு துண்டு நிலத்தையும் தமதெனச் சொல்லமுடியாதவர், எச்சரிக்கை வந்த இரவிலே எங்கே இறங்கி நிற்பது? மிஞ்சியோருட் பலர் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தனர். 2016ஆம் ஆண்டிலேதான் பூனாகலைப் பகுதியிலே கட்டப்பட்ட புதிய வீடுகள் அவர்களிடம் கையளிக்கப்பட்டன. அந்நிலமும் அவ்வீடுகளும் 2014க்கு முன்னரே கிடைத்திருப்பின் என்னும் எண்ணம் எவருக்கும் எழவே செய்யும்.

அவ்விளைஞன் இன்றும் அதே பாதையிலே இறங்கி ஏறுகின்றான். நைலோன் மிதியிலே இரண்டு முளைகள் தேய்ந்து, புதியன இடப்பட்டுள்ளன. மழைநாளிலே வளைவுகளை நெருங்கும்போது உட்புறத்துக் காலை மிதியிலிருந்து சற்றே தளர்த்தி வைத்துக்கொள்கின்றான். வண்டி வழுக்கினால் அக்கால் மலைப்பக்கத்து மண்ணிலே ஊன்றும். மழை மிகுந்து வீழும் நாட்களிலே வண்டியை எடுப்பதேயில்லை. தாயையும் வேலைக்குச் செல்லவேண்டாம் என்று கூறுகின்றான். அவரோ நாட்கூலியை எண்ணிப் பெரட்டுக்குச் செல்கின்றார். மிதிகட்டையைப் பற்றி அவன் கற்றுக்கொண்டவை அனைத்தும் அவனுடைய இரண்டு கால்களுக்கு உதவும். அத்தாய்க்கும், அச்சரிவிலே இன்னும் லயங்களில் வாழ்வோருக்கும் வேண்டியது கால் ஊன்றும் நிலம். அது கடையில் விற்கப்படுவதன்று, ஒரு பாஸினாற் பொருத்தித் தரக்கூடியதுமன்று.